விபூதி படிந்த நாலு விநாடி

செல்வமணி எந்த வீட்டுக்குப் போனாலும் காப்பி வருவதற்குள் டி.வி.யைச் சரிசெய்ய எழுந்துவிடுவான். துக்க வீடாக இருந்தாலும் சரி. ஒருமுறை சீலையம்பட்டியில் ஒரு சாவுக்குப் போயிருந்தோம். பக்கத்து அறையில் குழந்தைகளுக்காகப் போட்டிருந்த டி.வி.யில் எல்லார் முகமும் சிவந்து கிடந்ததாம். சத்தமில்லாமல் எழுந்து போய்க் கலரைக் குறைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் முறைத்தேன். "மூஞ்சியெல்லாம் தக்காளியா இருந்துச்சு மச்சான்" என்றான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு எங்களோடு வருவான் என்றாலும், அவனுக்கு உண்மையில் பக்தி சுத்தமான படத்தின்மேல்தான்.

அவன் என் தங்கச்சி மாப்பிள்ளை. அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். ஆகவே நான் மரியாதை இல்லாமல் எழுதினால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சின்னமனூர் மெயின் ரோட்டில் கீழே என் பாத்திரக்கடை, மாடியில் அவன் வீடியோ கடை. முப்பது வருஷமாக என் கடைக்குள்ளிருக்கும் படி வழியாகத்தான் ஏறி இறங்குகிறான். ஏறும்போது ஒரு எவர்சில்வர் அண்டாவில் முகம் பார்த்துத் தலையைத் தடவிக்கொள்வான். இப்போது தடவ அங்கே ஒன்றும் இல்லை, பழக்கம் மட்டும் போகவில்லை.

தொண்ணூற்றொன்றில் கேமரா வாங்கினான். கூடலூரிலிருந்து தேனி வரைக்கும் அவன் எடுக்காத கல்யாணம் குறைவு. ஆனால் அந்தக் காலத்தில் கல்யாண வீட்டைவிடச் சடங்கு வீட்டில்தான் வீடியோவுக்கு ஆசை அதிகம். பெண் வயசுக்கு வந்தால் தாய்மாமன் சீர் வரும். தட்டு தட்டாக வரிசை வரும். ஊர் பார்க்க ஒரு கேசட் வேண்டும். கஷ்டம் என்னவென்றால், பெண்ணை உட்காரவைத்திருக்கும் அறைக்குள் கேமராவோடு ஆம்பளையை விடமாட்டார்கள். பொம்பளையாள் கூட வந்தால் விடுகிறோம் என்று இரண்டு மூன்று ஊரில் சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் என் தங்கச்சி ஜெபஷீலாவின் கையில் வீடியோ லைட் ஏறியது.

ஜெபஷீலாவைப்பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் வாய் மொத்தமும் அவளுக்குத்தான் வந்தது. அடுக்களையில் நின்று பேசினால் தெருவில் கீரை விற்கிறவளுக்குப் பதில் போகும். சடங்கு வீட்டில் பயந்து உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைகளை அவள்தான் பேசிப் பேசிச் சிரிக்கவைப்பாள். செல்வமணிக்கு வந்த பேரில் பாதி அந்தச் சிரிப்பால் வந்தது. இதை நான் அவனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவன் இல்லையென்று சொன்னதே இல்லை.

ஆனால் லைட் பிடிக்கிறவள் படத்தில் விழக்கூடாது. கை விழுந்தாலும் அவனுக்குப் பொறுக்காது. எடுத்த கேசட்டை மதுரைக்குக் கொண்டுபோய் மிக்சிங் போடுவார்கள். சினிமாப் பாட்டைச் சேர்ப்பார்கள், தாமரைப்பூ விரிந்து அதற்குள் பெண் முகம் வரும், அந்த மாதிரி வேலையெல்லாம். இவன் மிக்சிங்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஜெபஷீலாவின் முழங்கையோ முந்தானையோ தெரிகிற இடத்தையெல்லாம் பொறுக்கி வெட்டச்சொல்வான். பேச்சுச் சத்தத்தை மொத்தமாக அழித்துவிட்டு மேலே பாட்டை ஏற்றிவிடுவார்கள். யாருக்கும் அதில் குறை கிடையாது. சடங்கு வீட்டுச் சத்தத்தைக் காசு கொடுத்து யார் கேட்பார்கள்?

இன்னொன்றும் செய்தான். அவனுக்கும் ஜெபஷீலாவுக்கும் நடந்த கல்யாணத்தைப் போடியிலிருந்து வந்த ஒரு சிநேகிதன் எடுத்துக் கொடுத்திருந்தான். படம் கொஞ்சம் நீலம் பூத்திருந்தது. இரண்டு வருஷம் அதைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துவிட்டு, ஒருநாள் அந்தக் கேசட்டின்மேலேயே யாரோ புதுவீட்டில் பால் காய்ச்சியதை எடுத்துவிட்டான். ஜெபஷீலா இரண்டு நாள் அவனுக்குச் சோறு போடவில்லை. நான் சமாதானம் பேசப்போனவன், சிரித்தேன். அன்றைக்கு எல்லாருக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு வாயில் கசக்கிறது.

இரண்டாயிரத்து ஐந்தில் மூளைக் காய்ச்சல் வந்து நாலே நாளில் அவள் போய்விட்டாள். மகள் ஜெபாவுக்கு அப்போது நாலு வயசு. போட்டோ நிறைய இருக்கிறது. அசைகிற மாதிரி, பேசுகிற மாதிரி ஒன்றும் இல்லை. ஊர் உலகத்தையெல்லாம் எடுத்தவன் வீட்டில் அப்படி ஒன்றுகூட இல்லை.

பிறகு கேசட் போய்ப் புதுக் கேமராக்கள் வந்தன. அவனும் கொஞ்ச நாள் அதில் எடுத்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் மாடியில் ஒரு போர்டு மாட்டினான்: பழைய கேசட்டுகள் பென்டிரைவில் ஏற்றித் தரப்படும். நல்ல வேலைதான். துபாயில் இருக்கிற பிள்ளைகள் அப்பா அம்மா கல்யாணத்தைப் பார்க்கக் கேட்கிறார்கள், பைபையாகக் கேசட் வருகிறது. இந்த வேலை செய்கிற மற்றவர்கள் கேசட்டை டெக்கில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவன் போகமாட்டான். மூன்று மணிநேரக் கேசட் என்றால் மூன்று மணிநேரமும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான். சத்தத்துக்கான வயரைப் பிடுங்கிப் போட்டுவிடுவான். அத்தனை கேசட்டிலும் அதே நாலு சினிமாப் பாட்டு, கேட்டால் தலைவலி என்பான். கடைசியாக ஏற்றும்போதுதான் வயரைச் சொருகுவது. படத்தில் பொரி கொட்டினாற்போல வெள்ளைப் புள்ளி விழுந்தால் டெக்கைத் திறந்து, படம் படிக்கிற ஹெட்டை ஸ்பிரிட்டில் நனைத்த மான்தோலால் துடைப்பான். கோடு ஓடினால் டிராக்கிங் பட்டனைப் பிடித்துக்கொண்டு நூல் கோக்கிறவளைப் போல மூச்சடக்கி இருப்பான். தொழில் சுத்தம் என்று நான் நினைத்தேன்.

தொழில் சுத்தம் இல்லை. வருகிற ஒவ்வொரு கேசட்டிலும் அவன் ஜெபஷீலாவைத் தேடியிருக்கிறான். வெட்ட விட்டுப்போன ஒரு முழங்கை, ஒரு முந்தானை. பத்து வருஷம் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. அவ்வளவு சுத்தமாக வெட்டியிருந்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது இந்த வருஷம்தான், ஜெபாவால். அவள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். மே மாதம் கல்யாணம் என்று முடிவானபோது அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். ரிசப்ஷனில் எல்.ஈ.டி. திரையில் எல்லாரும் பழைய வீடியோ போடுகிறார்களாம். அம்மா வருகிற மாதிரி கொஞ்சம் போதும் என்றாள். பேசுகிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது என்றாள். அம்மா குரல் அவளுக்கு ஞாபகம் இல்லை. உன் குரல் அப்படியே அம்மா குரல்தான் என்று அவன் சொல்லிச் சொல்லித்தான் வளர்த்திருந்தான்.

போனை வைத்துவிட்டுக் கீழே வந்து, ஒரு குக்கர் பெட்டியின்மேல் உட்கார்ந்து என்னிடம் எல்லாவற்றையும் சொன்னான். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நாக்கில் நரம்பில்லாமல் கேட்டேன்: "கட்டுனவள வெட்டி எறிஞ்சிட்டு இப்ப குப்பையில தேடுறியாக்கும்?" அவன் தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டு, மிக்சிங் போடாத கேசட் ஒன்று எங்கேயாவது இருக்கவேண்டும் என்றான். அனுமந்தன்பட்டியில்.

அந்தக் கதை எனக்கும் லேசாக ஞாபகம் வந்தது. தொண்ணூற்றொன்பதில் அங்கே சின்னச்சாமி என்ற விவசாயி மகள் பவுனுக்குச் சடங்கு செய்தார். செல்வமணியும் ஜெபஷீலாவும் போய் எடுத்தார்கள். என்னென்ன பாட்டுப் போடவேண்டும் என்று வீட்டுக்காரர்கள் வந்து சொன்னால்தான் மிக்சிங் நடக்கும். அவர்கள் வருவதற்குள் சின்னச்சாமி தோட்டத்து மோட்டார் ரூமில் கரண்டு அடித்துச் செத்துப்போனார். யாருக்குப் பாட்டு வேண்டும்? எடுத்த கேசட்டை அப்படியே கொடுத்தனுப்பிவிட்டான். இந்தப் பள்ளத்தாக்கிலேயே அவன் வெட்டாமல் கொடுத்த கேசட் அது ஒன்றுதான்.

மறுநாள் இரண்டுபேரும் உத்தமபாளையம் வழியாக அனுமந்தன்பட்டிக்குப் பஸ் ஏறினோம். சின்னச்சாமியின் மனைவி மாயக்காள் வீட்டில் இருந்தாள். அறுபத்தைந்து வயசிருக்கும். நாங்கள் யாரென்று சொன்னதும், லைட்டுப் பிடிச்ச பிள்ளை நல்லா இருக்கா என்றுதான் முதலில் கேட்டாள். ஜெபஷீலா இறந்துபோனதை நான்தான் சொன்னேன். மாயக்காள் வாயில் சேலையை வைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

சுவரில் சின்னச்சாமியின் போட்டோ. அதற்குக் கீழே ஒரு பலகை. பலகையில் கேசட். கேசட்டின் நெற்றியில் சந்தனம், குங்குமம், அதன்மேல் விபூதிப் பட்டை.

முதல் வருஷத் திதிக்கு டெக் வாடகைக்கு எடுத்துவந்து அதைப் போட்டிருக்கிறார்கள். சின்னச்சாமி வருகிற இடம் வந்ததும் வீடே அழுதிருக்கிறது. மேற்கொண்டு பார்க்க முடியாமல் அந்த இடத்திலேயே நிறுத்தி வெளியே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு போடவே இல்லை. அமாவாசைக்கு அமாவாசை அவள் கேசட்டின் மூடியைத் தூக்கி, உள்ளே தெரிகிற கறுப்பு நாடாவில் ஒரு சிட்டிகை விபூதி வைத்திருக்கிறாள். போட்டோவுக்கு வைப்பது கண்ணாடிக்குத்தானே போகும், இதில் வைத்தால் அவருக்கே வைத்த மாதிரி என்று நினைத்திருக்கிறாள். இருபத்தைந்து வருஷத்து அமாவாசை.

எங்கள் வீட்டில் விபூதி வழக்கம் இல்லை. ஆனால் தினமும் கடை பூட்டும்போது ஜெபஷீலா போட்டோவின் கன்னத்தில் இரண்டு விரலை வைத்துவிட்டு இறங்குகிறவனை எனக்குத் தெரியும். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

கேசட்டைக் கொடுக்க மாயக்காள் யோசித்தாள். பென்டிரைவில் ஏற்றிப் பேத்திகள் எல்லாரும் பார்க்கிற மாதிரி செய்து தருகிறேன் என்றான் செல்வமணி. தன் தேவையையும் மறைக்காமல் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, அமாவாசைக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது, அதற்குள் பலகைக்கு வந்துவிடவேண்டும் என்றாள். அப்புறம் இன்னொன்றும் சொன்னாள்.

"அவுக தனியா வெளியூரு போயி ராத்தங்குனது இல்ல தம்பி. காலையில நான் கொண்டாரேன். சாயந்தரம் கூட்டிக்கிட்டு வந்துருவேன்."

அப்படியே செய்தாள். காலை பஸ்ஸில் மஞ்சள் பையோடு வந்து இறங்குவாள். என் கடையில் குடங்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். மாடியிலிருந்து அவன் இறங்கும்போதெல்லாம் முகத்தைப் பார்ப்பாள். சாயந்தரம் கேசட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புவாள்.

முதல் நாளே டெக் நின்றுபோயிற்று. நாடாவில் கெட்டிப்பட்டிருந்த விபூதி ஹெட்டில் ஏறி, திரை முழுக்கப் பொரி பறந்தது. கழற்றித் துடைத்தான். மறுபடி போட்டான், மறுபடி பொரி. பழைய பிளாஸ்டிக் கூட்டிலிருந்து நாடாவைக் கழற்றி வேறு கூட்டுக்கு மாற்றி, தூசி விழுந்த இடத்தை விரல் நீளம் விரல் நீளமாக உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தான். இரண்டாம் நாள் மூடியைத் திறந்தால் புதுக் கூட்டுக்குள்ளும் புது விபூதி. சாயந்தரம் வீட்டுக்குப் போனதும், புது இடத்துக்குப் போய்வந்தவருக்கு ஆகாதது ஏதும் ஒட்டியிருக்கக் கூடாதென்று வைத்திருக்கிறாள்.

செல்வமணி படியில் உட்கார்ந்து, பழைய காலிக் கூட்டை அவள் கையில் கொடுத்தான். விபூதியை இனி இதில் வையுங்கள், இதுவும் அவர் இருந்த வீடுதான் என்று பக்குவமாகச் சொன்னான். மாயக்காள் அவனையே பார்த்தாள். படித்தவள் இல்லை, ஆனால் மண்டு இல்லை.

"நான் வச்ச விபூதிதான் அவுக மொகத்த மறைக்குதா தம்பி?"

"இல்லக்கா. நாடா பழசு" என்றான்.

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். என் காலை நன்றாக மிதித்தான்.

மூன்றாம் நாள் கேசட் ஒழுங்காக ஓடியது. சீர்வரிசை வந்தது, தாய்மாமன் வந்தார், பவுனு தலைநிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாள். சில இடத்தில் படம் நெளிந்தது. இன்னொரு பழைய டெக்கில் போட்டதும் அந்த நெளிவும் நின்றது. முதலிலிருந்து கடைசிவரை இரண்டுமுறை பார்த்தான். ஜெபஷீலா எங்கேயும் இல்லை. எடுக்கும்போதே அவ்வளவு கவனமாக எடுத்திருக்கிறான். தெரியாமல் இருந்தது ஒரே இடம்: சின்னச்சாமி வாசல்படியில் வந்து நிற்கிற இடத்தில் நாலு விநாடி. டெக்கிலிருந்து எடுத்தால் கேசட்டின் மூடிக்கடியில் வெளியே தெரிகிற நாடா அவ்வளவுதான், நாலு விநாடிக்கானது. இருபத்தைந்து வருஷத்து விபூதியும் விழுந்தது அந்த அரைச் சாணில்.

அதற்குள்தான் அவள் இருக்கிறாள் என்றான். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினான். அந்த இடத்துக்குச் சற்று முன்னால் கரண்டு போகிறது. அவர்களுடைய பேட்டரி லைட் மட்டும் எரிகிறது. பேட்டரி லைட்டுக்கு வெளிச்சம் குறைவு, ஆகவே லைட் பிடிக்கிறவள் கிட்டே வந்தாக வேண்டும். சின்னச்சாமியின் நிழல் சுவரில் வலது பக்கம் விழுந்திருக்கிறது. அது மெதுவாக நகர ஆரம்பிக்கிறது. உடனே பொரி. நாலு விநாடி கழித்துப் படம் வரும்போது நிழல் இடது பக்கம் இருக்கிறது. லைட் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போயிருக்கிறது. கேமராவுக்கு முன்னால் நடந்து போகாமல் அந்தப் பக்கம் போக அங்கே வழி இல்லை.

"நடக்குறா மச்சான்" என்றான்.

என் தங்கச்சி நடப்பதை ஒரு செத்த மனிதரின் நிழலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த இரண்டு நாளும் அந்த நாலு விநாடியோடுதான் போராட்டம். ஒவ்வொருமுறை ஓட்டும்போதும் பொரி வேறு வேறு இடத்தில் விழும். ஒரு ஓட்டத்தில் சின்னச்சாமியின் தோள் தெரியும், இன்னொன்றில் கதவு நிலை தெரியும். அப்படிப் பலமுறை ஓட்டி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, எதில் எந்த இடம் தெளிவோ அதை எடுத்து ஒட்டுவான். ஆனால் ஓட்ட ஓட்ட, நாடாவில் ஒட்டியிருக்கும் விபூதித் துகள் நாடாவையே சுரண்டும். இருபது ஓட்டத்துக்குமேல் தாங்காது என்று அவனே சொன்னான். இருபத்தாறாவது ஓட்டத்துக்குப் போனபோது நான் சத்தம் போட்டேன். கீழே அந்த அம்மா உட்கார்ந்திருக்கிறாள், அவள் புருஷனைத் தேய்த்துத்தான் நீ உன் பெண்டாட்டியைத் தேடுகிறாய் என்றேன். கையை எடுத்துவிட்டான். அதற்குமேல் ஓட்டவில்லை.

ஆறாம் நாள் காலை. மறுநாள் அமாவாசை. மாயக்காளையும் மாடிக்குக் கூப்பிட்டான். ஒட்டிச் சேர்த்ததைப் போட்டுக் காட்டினான். அங்கங்கே வெள்ளைக் கோடு இருந்தாலும் ஆள் தெரிந்தது. சின்னச்சாமி வாசல்படியில் நின்று துண்டால் கழுத்தைத் துடைக்கிறார். இடது ஓரத்திலிருந்து ஒரு கை உள்ளே வருகிறது. கண்ணாடி வளையல், பச்சை. முழங்கை. பிறகு பக்கவாட்டில் ஒரு முகம், கண் சிமிட்டுகிற நேரம்தான். சடையை முன்னால் போட்டிருக்கிறாள். முகம் கேமரா பக்கம் திரும்புகிறது, உடனே வலது ஓரத்தில் போய் மறைகிறது. அவ்வளவுதான். அது ஜெபஷீலா. என் தங்கச்சி.

கோடுகளை இதற்குமேல் எடுக்க முடியவில்லை, மன்னிக்கணும் என்று செல்வமணி மாயக்காளிடம் சொன்னான்.

"கோடு கெடக்கட்டும்ப்பா. ஆளு நிக்கிறாகல்ல" என்றாள் அவள். திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். மூன்றுபேரும் பத்துப் பன்னிரண்டுமுறை பார்த்தோம். செல்வமணி சிரித்துக்கொண்டிருந்தான். அவனை அப்படி நான் பார்த்து இருபது வருஷம் இருக்கும். ஜெபாவுக்கு இது போதும், திரையில் நிறுத்திக் காட்டலாம், முகம் திரும்புகிற இடத்தில் மெதுவாக ஓடவிடலாம் என்று என்னென்னவோ சொன்னான்.

அப்போதுதான் மாயக்காள் கேட்டாள், படம் ஓடுது, சத்தம் எங்கே தம்பி என்று.

சத்தத்தை ஆறு நாளும் அவன் நினைக்கவே இல்லை. நானும் நினைக்கவில்லை. சடங்கு வீட்டில் மைக்செட் அலறுவதுதான் பதிந்திருக்கும் என்று வயரைப் பிடுங்கியபடியே விட்டிருந்தான். அவனுக்குப் படம்தான் எல்லாம். ஆனால் கேசட்டில் சத்தம் நாடாவின் விளிம்பில் தனியாக ஒரு கோடாக ஓடும், நடுவில் படிந்த விபூதி அதை அவ்வளவாகத் தொடவில்லை. தேய்ந்த இடத்தில் நாடாவை இன்னும் ஒரே ஒருமுறை ஓட்டவேண்டும். மாயக்காளிடம் கேட்டான். அவள் ஓட்டச் சொன்னாள். வயரைச் சொருகினான்.

முதலில் மைக்செட் பாட்டுத்தான் கத்தியது. கரண்டு போனதும் அது நின்றுவிட்டது. திடீரென்று அந்த வீடு பேச ஆரம்பித்தது. ஒரு குழந்தை அழுதது. யாரோ தண்ணீர் கேட்டார்கள். பிறகு ஒரு ஆம்பளைக் குரல், "ஏலே, அரிக்கேன் லைட்டக் கொண்டாங்கடா. இங்கன ஒரே இருட்டாக் கெடக்கு."

மாயக்காள் இரண்டு கையாலும் டேபிளைப் பிடித்துக்கொண்டாள். அவுகதான் என்றாள்.

அடுத்து ஜெபஷீலா பேசினாள். இருபது வருஷத்துக்கப்புறம் அந்தக் குரலைக் கேட்டேன். நான் நினைத்துவைத்திருந்ததைவிடக் கொஞ்சம் கட்டையாக இருந்தது. உள்ளே இருந்த பவுனிடம் சொல்கிறாள்: "பயப்படாதத்தா, நான் இங்கனதான் இருக்கேன். தலைய மட்டும் நிமித்திக்க." கை உள்ளே வருகிறது, வளையல் சத்தம் கேட்கிறது, முகம் திரும்புகிறது.

கேமராவுக்குப் பின்னாலிருந்து செல்வமணி கத்துகிறான்.

"ஃப்ரேமுக்குள்ள வராத, வராதன்னு எத்தன தடவ சொல்றது? அறிவில்ல? தள்ளிப் போ."

"சரிங்க" என்றாள்.

அவள் முகம் திரும்பியது அதற்குத்தான். ஓரத்தில் போய் மறைந்ததும் அதற்குத்தான்.

அதற்கப்புறம் அந்தக் கேசட் பதினேழு நிமிஷம் ஓடுகிறது. கரண்டு திரும்பி வரவில்லை, மைக்செட் இல்லை. எல்லாச் சத்தமும் விழுந்திருக்கிறது, தட்டு வைக்கிற சத்தம், யாரோ இருமுகிற சத்தம்கூட. ஜெபஷீலா பேசவே இல்லை. லைட் மட்டும் ஆடாமல் அசையாமல் அவன் கேட்ட இடத்தில் நிற்கிறது. வாயாடி என்று ஊரெல்லாம் பேரெடுத்த என் தங்கச்சி பதினேழு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் கடைசிவரை கேட்டேன். செல்வமணியும் கேட்டான். நிறுத்து என்று நான் சொல்லவில்லை, அவன் கேட்கட்டும் என்று ஒரு வன்மம் எனக்குள் இருந்தது. அதை நினைத்து இப்போது வெட்கப்படுகிறேன்.

மாயக்காள்தான் அவன் முதுகில் கை வைத்தாள். கட்டினவர்கள் பேசுகிற பேச்சுத்தானே, இவுகளும் என்னை அப்படித்தான் வைவாக என்றாள். பென்டிரைவையும் கேசட்டையும் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு சாயந்தர பஸ்ஸுக்கு நிற்காமல் மத்தியானமே போய்விட்டாள்.

அவள் போன பிறகு நான் கோபத்திலிருந்து இறங்கிவந்து பேசினேன். நீ கத்துகிற இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தை ஜெபாவுக்குக் கொடு, பவுனிடம் பேசுகிற இடம் ஒன்றே போதும், பிள்ளைக்குக் கல்யாண நேரம் என்றேன். நியாயமாகத்தான் சொன்னேன்.

"வெட்டி வெட்டித்தான் அவள இல்லாம ஆக்குனேன் மச்சான்" என்றான். "இனிமே வெட்ட மாட்டேன்."

முழுசாகவே அனுப்பினான். ஜெபா அதைக் கேட்டுவிட்டு அப்பாவைக் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டாள். "அம்மா குரல் என் குரல் மாதிரி இல்லையே மாமா. அப்பா இத்தன வருஷமா அப்படித்தான சொன்னாக" என்றாள். செல்வமணிக்கும் அந்தக் குரல் மறந்துதான் போயிருந்தது, மறந்ததை அவனிடம் போய் யார் சொல்வது? ரிசப்ஷன் திரையில் அது வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். போனில் வைத்திருக்கிறாள். அப்பா கத்திய வார்த்தையைப்பற்றி அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுச் சண்டை போட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கல்யாணம் தேனியில், மாப்பிள்ளை வீட்டுச் சர்ச்சில் நடந்தது. வீடியோக்காரர்கள் நாலுபேர், தலைக்குமேல் பறக்கிற கேமரா ஒன்று. போதகர் தாலியை எடுத்துக் கொடுக்கும்போது செல்வமணி மகளுக்குப் பக்கத்தில் ஒரு எட்டு முன்னால் போனான். கேமரா வைத்திருந்தவன் கண்ணை எடுக்காமலே கையை ஆட்டினான்.

"சார், ஃப்ரேம்ல வர்றீங்க. கொஞ்சம் தள்ளிக்கங்க."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. பெண்ணைப் பெற்றவரிடமா சொல்கிறாய் என்று கேட்கத்தான் போனேன். செல்வமணி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சரிங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு, பின்னால் போய் லைட் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் நின்றான். ஆராதனை முடிகிறவரை அங்கேயே நின்றான், யாரோடும் பேசவில்லை.

ஒரு மாதம் கழித்து வீடியோ வந்தது. என் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். கோடில்லை, பொரியில்லை, படம் அவ்வளவு சுத்தம். செல்வமணி எழுந்துபோய் டி.வி.யில் எதையும் தொடவில்லை. தாலி கட்டுகிற இடத்தில் பெண்ணின் அப்பாவை எங்கேயும் காணோம்.